பங்கில் வராத வெயில்

இன்னும் நாலு விரல் நகர்ந்தால் அவள் முழங்காலுக்கு வந்துவிடும். முற்றத்துக்கு மேலே போட்ட தகரத்துக்கும் சுவருக்கும் நடுவில் விட்டுப்போன சந்து வழியாக இறங்குகிற வெயில் இது. முற்றத்தில் மொத்தமே ஒரு துண்டை விரித்த அளவுதான், அதுவும் பதினொன்றேகாலுக்கு வந்தால் பன்னிரண்டுக்குள் எதிர்ச்சுவரில் ஏறிப் போய்விடும், அதற்குள் பாவாத்தாளின் கையிலும் காலிலும் பட்டாக வேண்டும். நாற்காலியை நான்தான் நகர்த்துகிறேன். அவளை உட்கார வைத்தபடியே நகர்த்துகிறேன், எழுந்து உட்கார்ந்தால் தொடையில் கத்தி இறங்குகிற மாதிரி இருக்கிறதாம். காலுக்குப் பட்டால் கைக்குப் படவில்லை, கைக்குப் பட்டால் கால் நிழலில் கிடக்கிறது. இருபது நிமிடம், கையும் காலும் திறந்து, உச்சி வெயில், வாரத்துக்கு ஐந்து நாளாவது. டாக்டர் சொல்லும்போது எவ்வளவு சுலபமாக இருந்தது. வெயில் என்ன கடையில் வாங்குகிற சாமானா, ஊர் பூராவும் சும்மா கிடக்கிறது என்று சிரித்தார். அவருக்கு என்ன தெரியும். ஒன்பது நாளாகப் பார்க்கிறேன், ஊர் பூராவும் சும்மாதான் கிடக்கிறது, என் வீட்டுக்குள் மட்டும் அளந்து போடுகிறது. “கொஞ்சம் இந்தப் பக்கமுங்க” என்கிறாள். நகர்த்துகிறேன். நைட்டியை முழங்காலுக்கு மேலே சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். கால் இரண்டும் பனங்கிழங்கு தோல் உரித்த மாதிரி வெளுத்துக் கிடக்கின்றன. இத்தனை வெளுப்பு எப்போது வந்தது? கல்யாணத்தின்போது இவள் என்னைவிடக் கறுப்பு. அவளுடைய அப்பன் காட்டில் மிளகாய்ப்பழம் பொறுக்கினவள். வெளுத்தபோது நான் பெருமைப்பட்டிருக்கிறேன், அதுதான் கொடுமை. சென்னியப்பன் பெண்டாட்டி வீட்டோடு இருக்கிறவள், வெயில் படாத உடம்பு என்று நாலு பேர் சொன்னபோது மீசைக்குள் சிரித்திருக்கிறேன்.

வெயில் மருந்து என்று ஒருத்தர் சொல்லி, அதை நான் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டி வந்ததே. பதின்மூன்று வயதில் அரிசி ஆலைக் களத்தில் இறங்கினேன், அறுபத்தொன்றில் ஏறினேன். அவித்த நெல்லைக் களத்தில் கொட்டி, ஆவி பறக்கப் பறக்கக் காலால் கிளறிக் கிளறிக் காயவைக்க வேண்டும். காங்கேயத்து வெயிலுக்கு சித்திரை, ஐப்பசி என்று பேதம் கிடையாது. சிமெண்டுத் தரை கீழே சுடும், மேலே அது சுடும், நடுவில் மனிதன் வேகுவான். தலையில் ஈரத்துண்டு போட்டால் கால்மணியில் அப்பளமாகிவிடும். முதலாளி கூரைக்கடியில் உட்கார்ந்து மோர் குடிப்பார். நான் அங்கே நின்று நினைத்தது ஒன்றே ஒன்றுதான், சாகும்போதாவது நிழலில் சாக வேண்டும். ஈரோட்டு டாக்டர் என் கையைப் பார்த்தார், பாவாத்தாளின் கையைப் பார்த்தார். “உங்களுக்கு டெஸ்டே வேண்டாம், பாத்தாலே தெரியுது. ஒரே வீட்டுலதான இருக்கீங்க?” என்றார். ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். ரத்தத்தில் வைட்டமின் டி குறைந்தது இருபதாவது இருக்க வேண்டுமாம், இவளுக்கு ஆறு. கால்சியமும் கீழே. படத்தை விளக்குக்கு முன்னால் பிடித்து, இடுப்பெலும்பில் ஒரு கோட்டைக் காட்டினார். ஒடிந்ததில்லையாம், ஆனால் ஒடியப் பார்க்கிற இடமாம். எலும்பு மெத்தென்று ஆகிவிட்டது, விழுந்தார் என்றால் ஒடியும், ஒடிந்தால் படுக்கைதான் என்றார். “எத்தன வருசமா வெயில்ல வரலைமா?” என்று அவளைக் கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். டாக்டரும் என்னைப் பார்த்தார். கூட வந்திருந்த என் மகள் சுகந்தியும் என்னைத்தான் பார்த்தாள். மூன்று பேர் சேர்ந்து ஒருத்தனைப் பார்ப்பதென்றால் என்ன அர்த்தம்? நானா சூரியனை மறைத்தேன்? நானா தகரம் போட்டேன்? போட்டவன் எங்கள் வீட்டு மாடியில் ஃபேனுக்கடியில் படுத்திருக்கிறான். அவனைப் போய்ப் பாருங்கள் என்று சொல்ல வாய் வந்தது. ஆனால் அவன் பெயரைச் சொல்லிப் பத்தொன்பது வருடம் ஆகிறது, ஒரு டாக்டருக்காக அதைக் கெடுத்துக்கொள்ள முடியாது என்று விட்டுவிட்டேன்.

முழங்காலைத் தொட்டுவிட்டது. நகர்த்தக்கூடாது, இப்படியே கொஞ்சம் இருக்கட்டும். “சுடுதா?” என்றேன். “இல்லீங்க, நல்லாருக்குது” என்கிறாள். கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறாள். நான் ஒன்றும் கவனிக்காதவன் இல்லை, அதைச் சொல்லவேண்டும். மூன்று வருடம் முன்பே குதிகால் வலிக்கிறது, இடுப்பு பிடிக்கிறது என்றபோது மருந்துக்கடைக்குப் போனவன் நான்தான். கடைக்காரன் ஒரு டப்பாவை எடுத்து நீட்டினான், பொம்பளைகளுக்கு வயசானால் சுண்ணாம்புச் சத்து குறையும், ராத்திரிக்கு ஒண்ணு என்றான். மூன்று வருடமும் ஒருநாள் விடாமல் விழுங்கினாள். விழுங்கினதெல்லாம் எங்கே போயிற்று? டாக்டர் சொல்கிறார், வைட்டமின் டி இல்லாமல் வெறும் கால்சியத்தைக் கொடுத்தால் குடல் அதைச் சரியாக உள்ளே இழுக்காது, பெரும்பகுதி வந்த வழியே வெளியே போய்விடும் என்று. நெல்லைக் கொண்டுவந்து களத்தில் கொட்டினால் மட்டும் அரிசி ஆகிவிடுமா, காயவேண்டாமா? மழைக்காலத்தில் அப்படிக் கிடந்து முளைத்து நாறிய நெல்லை எத்தனை பார்த்திருக்கிறேன். அவர் சொன்ன உடனே எனக்குப் புரிந்துவிட்டது, புரிந்ததுதான் எரிச்சலாக இருந்தது. இந்தத் தொழில் எனக்குத் தெரிந்த தொழில், இதிலேயே ஏமாந்திருக்கிறேன். மருந்துக்கடைக்காரனிடம் போய் நாலு கேட்டேன். “நீங்க வலின்னு கேட்டீங்க, நான் மாத்தரை குடுத்தேன். வெயிலையுமா பொட்டலம் கட்டிக் குடுப்பேன்?” என்றான். இனி அந்தக் கடை வாசலை மிதிக்கமாட்டேன். ஆனால் போன வருடம் கார்த்திகையில் நடந்ததை யாரிடம் போய்க் கேட்பது? சோறு போட்டுக்கொண்டிருந்தவளின் விரல்கள் ஐந்தும் ஒன்றாகக் கூடிக் குவிந்து, மணிக்கட்டு மடங்கி, கரண்டி கீழே விழுந்தது. வாயைச் சுற்றி எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது என்றாள். நான் என்ன சொன்னேன்? வேலை செய்ய வலிக்கிறதா, கள்ளம் போடாதே என்றேன். அவள் மற்றக் கையால் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டுக்கொண்டு, கரண்டியைக் கழுவி எடுத்துவந்து குழம்பு ஊற்றினாள். கால்சியம் இறங்கினால் அப்படித்தான் இழுக்கும் என்று டாக்டர் சொன்னபோது அவள் அதை எனக்கு ஞாபகப்படுத்தவில்லை. ஞாபகப்படுத்தியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை ஒரு பொட்டலம் வைட்டமின் டி பாலில் கலந்து கொடுக்கிறேன், எட்டு ஞாயிறு கொடுக்க வேண்டுமாம். கால்சியம் காலையில் ஒன்று, இரவு ஒன்று, சோற்றுக்குப் பின்னால், காப்பியோடு சேர்க்காமல். எல்லாம் நானே பார்த்துக் கொடுக்கிறேன். மருந்து பள்ளத்தை நிரப்பும், அப்புறம் வெயில் இல்லையென்றால் மறுபடி பள்ளம்தான் என்கிறார். அந்த அப்புறத்தை நினைத்தால்தான் எனக்குப் பயம்.

தெருவில் உட்கார வைக்கலாமே என்று சுகந்தி போனில் சொல்கிறாள். திருப்பூரில் இருந்துகொண்டு எதையும் சொல்லலாம். இந்தத் தெருவில் ஒரு மாட்டுவண்டி போனால் மனிதன் ஒதுங்க இடமில்லை, எதிரே பருத்தி மூட்டை அடுக்குகிற கிட்டங்கியின் சுவர் மூன்று ஆள் உயரம். வெயில் விழுகிற கொஞ்ச நேரமும் டீக்கடைப் பெஞ்சுக்கு நேர் எதிரே விழுகிறது. முழங்காலுக்கு மேலே துணியைச் சுருட்டிக்கொண்டு அங்கே போய்க் காய இவள் என்ன நெல்லா? அவளே மாட்டேன் என்றுவிட்டாள். ஆக மொட்டைமாடிதான். மொட்டைமாடி அவன் பங்கு. குழந்தைவேல், என் கூடப்பிறந்தவன், எனக்கு எட்டு வயது இளையவன். சொல்லிவிட்டேன் பெயரை, மனதுக்குள்தானே, போகட்டும். அப்பன் செத்த மூன்றாம் மாதம் பெரியவர்கள் நாலு பேர் உட்கார்ந்து வீட்டைப் பிரித்தார்கள். கீழ்வீடு எனக்கு, மேல்வீடும் மாடியும் அவனுக்கு, மாடிப்படி பொது. அவன் அன்றைக்கு என்ன சொன்னான் தெரியுமா? அண்ணன் பாவம் காலமெல்லாம் வெயிலில் கிடந்தவன், அவனுக்கு நிழலாகக் கீழ்வீட்டைக் கொடுங்கள் என்றான். எவ்வளவு நைச்சியம். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். நான் இதைப் பத்தொன்பது வருடமாகச் சொல்லி வருகிறேன், களத்தில் சொன்னேன், சம்பந்தி வீட்டில் சொன்னேன், கேட்டவர்கள் எல்லாம் சே என்றார்கள். அண்ணன் பாவம், காலமெல்லாம் வெயிலில் கிடந்தவன். இல்லை, அப்படி அவன் சொல்லவில்லை. அவன் அப்போது கையைக் கட்டிக்கொண்டு தூணில் சாய்ந்து நின்றான். பேசினது பக்கத்தில் இருந்து வந்த குரல். அது பெரியவர்களில் ஒருத்தர், எங்கள் சித்தப்பா. உனக்கு எது வேண்டும் சென்னியப்பா, மூத்தவன் நீ, முதலில் சொல்லு என்றார். அப்படித்தான் நடந்தது. வெயில் பட்டுப் பட்டு என் ஈரல் வெந்துவிட்டது மாமோய், எனக்கு அந்தக் கீழ்வீட்டைக் கொடுங்கள் என்றேன்... இல்லை, சித்தப்பாவை யார் மாமா என்று கூப்பிடுவார்கள், இது ஏதோ குழப்பம், வயதாகிவிட்டது. ஆனால் கீழ்வீட்டைத் தா என்று நீட்டின கை என் கைதான். இந்தக் கறுத்த கைதான். அதற்குப் பின்னால் அவன் அவனுடைய அறைக்குச் சாரல் அடிக்காமல் இருக்க முற்றத்துக்கு மேலே தகரம் போட்டான். போடும்போது, “ஏண்ணா, இருட்டாயிருமா?” என்று கேட்டான். நான் என்ன சொன்னேன்? குளுகுளுன்னு இருக்கும், போடு என்றேன். ஒரு தகரம் குறைந்துபோயிற்று. குறைந்ததால் வந்த சந்துதான் இது.

நகர்த்த வேண்டும். தொடைக்கு ஏறிவிட்டது, கணுக்கால் நிழலில் போய்விட்டது. ஒரு பக்கமாக மெதுவாகத் தூக்கி நகர்த்துகிறேன், அவள் நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறாள், மூச்சை உள்ளே இழுக்கிற சத்தம் கேட்கிறது. தகரத்துக்காக நான் சண்டை போடவில்லை, சேலைக்காகப் போட்டேன். முதல் வருடமெல்லாம் இவள் மாடிக்குத்தான் போவாள். துணி காயப்போட, வத்தல் போட, தலை உலர்த்த. அவன் பெண்டாட்டி சாவித்திரியும் இவளும் அங்கே உட்கார்ந்து பேசுவதுண்டு. ஒரு நாள் இவளுடைய ஈரச்சேலை சொட்டி, காயவைத்திருந்த சாவித்திரியின் மிளகாய் நனைந்துபோயிற்று. சாவித்திரி அந்தச் சேலையை உருவிக் கீழே போட்டாள். இதே சந்து வழியாக முற்றத்தில் வந்து விழுந்தது, நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன், என் இலையில் தண்ணீர் தெறித்தது. கட்டின சேலையைக் கூட்டத்தில் உருவின மாதிரி எனக்கு இருந்தது. இத்தனைக்கும் இவள், கை தவறி விழுந்திருக்குமுங்க என்றாள். கை தவறவாவது. அன்றைக்குச் சாயங்காலமே மாரியம்மன் கோயில் வாசலுக்கு இவளைக் கூட்டிப்போய் உள்ளங்கையில் சூடம் ஏற்றச் சொன்னேன். அந்த மாடிப்படியில் கால் வைக்கமாட்டேன், வைத்தால் என் புருஷன் தலைக்கு ஆகட்டும் என்று சொல்லச் சொன்னேன். சொன்னாள். எரிகிற சூடத்தைத் தட்டி அணைத்தாள். எங்கள் பக்கத்தில் இதற்கு மேலே கோர்ட்டு கிடையாது, சூடம் அடித்துவிட்டால் முடிந்தது. நான் வீட்டுக்குள் நாலு கயிறு கட்டிக் கொடுத்தேன். அன்றிலிருந்து துணி அறைக்குள் காய்கிறது, ஈர வாடையோடு. வத்தல் கடையில் வாங்கினோம். தலையை ஃபேனுக்கடியில் உலர்த்தினாள். அவளுக்கும் வெளியே போகிற வேலை என்று ஒன்றும் நான் வைக்கவில்லை, சாமான் எல்லாம் நானே வாங்கிப் போட்டேன், ரேஷனுக்கும் நானே நின்றேன். ஒரு குறை வைத்தேனா? பத்தொன்பது வருடம் அவள் அந்தப் படியில் கால் வைக்கவில்லை. ஊரில் இருக்கிறவளுகள் செய்த சத்தியத்தை ஒரு வாரத்தில் காற்றில் விட்டுவிடுவாளுகள். இவள் என் தலைக்காகக் காப்பாற்றினாள். என் தலை கல்லுமாதிரி இருக்கிறது. இவள் எலும்புதான் மெத்தென்று போயிற்று.

“ஏனக்கா.” மேலே இருந்து. தகரத்துச் சந்தில் ஒரு முகம் வெயிலை மறைக்கிறது, பாவாத்தாளின் காலில் நிழல் விழுகிறது. சாவித்திரி. “ஒம்பது நாளாப் பாக்கறேன், அந்தக் கைக்குட்டையாட்டம் வெயில்ல என்னத்தக் காயறீங்க? எலும்பு டாக்டர்கிட்டப் போனீங்களாமா, சுகந்தி சொல்லுச்சு. மேல வாங்கக்கா. வேணுங்கற மட்டுங் கெடக்குது.” சுகந்தி இவர்களோடு பேசுகிறாளா? எத்தனை நாளாக? என் வீட்டில் எனக்குத் தெரியாமல் எத்தனை பேர் எத்தனை பேச்சு. நான் மேலே பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துச் சொன்னேன், “வெயில மறைச்சுட்டு நின்னு இரக்கம் பேசற ஆளுங்களும் ஊருல இருக்கத்தான் இருக்காங்க.” முகம் கொஞ்சம் தள்ளிக்கொண்டது, வெயில் திரும்ப விழுந்தது. “செவுத்துக்குக் காது கேக்குமாக்கா? மாமனுக்குக் கேக்குதான்னு கேளுங்க” என்றாள் மேலே இருந்து. பாவாத்தாள் சிரித்தாள். சத்தமில்லாமல் சிரித்தாள், ஆனால் தோள் குலுங்கியதை நான் பார்த்தேன். “பதில் பேசாத” என்றேன். “நான் எங்கீங்க பேசினேன்” என்றாள். பிறகு கழுத்தை நிமிர்த்தி, எனக்கு மேலே, தகரத்துக்கு மேலே, நான் நடுவில் இல்லவே இல்லை என்கிற மாதிரி, “சாவித்திரி, நீ கீழ எறங்கி வா. எனக்கு ஆளில்லாம படியேற முடியாது” என்றாள்.

படியில் செருப்புச் சத்தம் இறங்கி வருகிறது. அது எனக்குத் தெரிந்த சத்தம்தான், தினமும் கேட்கிறதுதான், ஆனால் இப்போது எங்கள் கதவுக்கு வருகிறது. சாவித்திரி வாசலில் நின்றாள். தலை நரைத்துப் பருத்துவிட்டாள். “உள்ள வரலாமாக்கா?” என்று இவளைத்தான் கேட்டாள். “வா.” என் வீட்டில், என்னைக் கேட்காமல், வா. பாவாத்தாள் இரண்டு கையையும் தொடையில் ஊன்றி, தன் உடம்பின் மேலேயே தான் ஏறுகிற மாதிரி எழுந்தாள். நான் குறுக்கே நின்றேன். “சூடம் அடிச்சிருக்கற, பாவாத்தா. என் தலை மேல” என்றேன். “தெரியுமுங்க.” “தெரிஞ்சுமா?” நின்று யோசித்தாள். யோசித்தாள் என்பதுதான் என்னால் தாங்க முடியாதது, அவசரத்தில் சொல்லியிருந்தால் பொறுத்திருப்பேன். “உங்களுக்கு ஒண்ணும் ஆவாதுங்க” என்றாள். அப்புறம், “ஆனாலும் ஆவட்டும். நான் நடக்கோணும்” என்றாள். சாவித்திரி தலையைக் குனிந்துகொண்டாள். நான் ஒதுங்கினேன், ஒதுங்க வேண்டுமென்று ஒதுங்கவில்லை, அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் வாசலைத் தாண்ட வேண்டியிருந்தது, அவள் பிடித்தபோது என் உடம்பு தானாகத் திரும்பிக் கொடுத்துவிட்டது. படிக்கு முன்னால் வந்ததும் அவளால் காலைத் தூக்க முடியவில்லை. தொடையில் பலமில்லை. உடனே திரும்பி, முதல் படியில் உட்கார்ந்துவிட்டாள். கையை ஊன்றிப் பின்னாலேயே அடுத்த படிக்கு ஏறினாள், சாவித்திரி மேல்படியில் நின்று அக்குளில் கைகொடுத்து இழுத்தாள். ஒரு படி. மூச்சு. இன்னொரு படி. பின்புறமாக ஏறுகிறவள் என்பதால் அவள் முகம் முழுக்க என் பக்கம் இருந்தது. ஏறி முடிகிற வரைக்கும் என்னைப் பார்த்துக்கொண்டே போனாள். கோபமில்லை. கோபமாக இருந்தால் எனக்கு என்ன செய்வதென்று தெரியும். வலிக்கிறபோது உதட்டைக் கடித்தாள், அதற்கும் என்னைத்தான் பார்த்தாள். படி திரும்புகிற இடத்தில் வெயில் அவள் தோளில் விழுந்தது, பிறகு தலையில், பிறகு அவள் வெளிச்சமாகிவிட்டாள், எனக்கு முகம் தெரியவில்லை.

மேலே நாற்காலி இழுபடுகிறது. “இங்க உக்காருங்க அண்ணி. அந்தப் பக்கம் தண்ணித் தொட்டி நெழலு அடிக்கும்.” குழந்தைவேலின் குரல், கிழவன் குரலாக மாறிவிட்டது. நான் படிக்கட்டின் அடியில் நிற்கிறேன். என் தலைக்கு ஒன்றும் ஆகவில்லை. காது இரண்டும் நன்றாகக் கேட்கிறது. இருதயம் அடித்துக்கொண்டுதான் இருக்கிறது. மேலே மூன்று பேர் பேசுகிறார்கள், என்னைப் பற்றி இல்லை, ஏதோ புடலங்கொடியைப் பற்றி. எனக்கு முழங்கால் வலியில்லை, தொடையில் பலமிருக்கிறது, இந்தப் படியை ஒரே மூச்சில் ஏறிவிடுவேன். நான் எந்தச் சத்தியமும் செய்யவில்லை, அவளைத்தான் செய்ய வைத்தேன். யாரும் என்னை வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. எவ்வளவு நேரம் நின்றேனோ. இருபது நிமிடத்துக்கு மேல் ஆகியிருக்கும், முதல் நாளே அதிகமாகக் காய்ந்தால் தலை சுற்றும், தோல் பொரியும், வெயில் என்னவென்று இவர்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும், நான் சொன்னால்தான் உண்டு. “இருபது நிமிசந்தான் சொன்னாரு டாக்டரு!” என்று கத்தினேன். பத்தொன்பது வருடத்துக்குப் பிறகு அந்த மாடிக்கு நான் சொன்ன முதல் வார்த்தை. குழந்தைவேல் இருமினான். பதில் அவளிடமிருந்துதான் வந்தது, கைப்பிடிச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, அவசரமில்லாமல்.

“தெரியுமுங்க. நீங்க உள்ள போங்க.”

போனேன்.